வாசகர் கேள்விகள்: ஜப்பானும் அதன் சாமிகளும்

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, "ஜப்பானின் தொன்மையான தேசிய மதம் ஷிண்டோ என்பது பாதி உண்மைதான், இன்று நாம் பார்க்கும் வடிவம் 1868க்குப் பிறகு அரசு உட்கார்ந்து செய்தது" என்று எழுதியிருந்தேன். விளக்கம் கேட்டு நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன, சிலர் கோபமாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் இந்த முறை முழுக்க ஜப்பான்தான். வசதிக்காக பௌத்தர்களுடையதைக் கோயில் என்றும் ஷிண்டோவுடையதை ஆலயம் என்றும் எழுதுகிறேன்.

கேள்வி: ஜப்பானியர்கள் பௌத்தர்களா, ஷிண்டோக்காரர்களா? ஒரே வரியில் சொல்ல முடியுமா?

பதில்: பெரும்பாலோர் இரண்டும்தான். மத அமைப்புகள் தங்களுக்கு இத்தனை பேர் என்று அரசிடம் கொடுக்கும் கணக்கைக் கூட்டினால் நாட்டின் மக்கள்தொகையைவிடப் பல கோடி அதிகமாக வரும். ஆனால் ஆளைத் தனியாக நிறுத்திக் கேட்டால் 'எனக்கு மதம் ஒன்றும் இல்லை' என்று சொல்பவர்களே அதிகம். குழந்தை பிறந்தால் ஆலயம், புத்தாண்டுக்கு ஆலயம், சாவுக்குக் கோயில். கல்யாணத்தைப் பலர் கிறிஸ்தவ முறையில் வைத்துக்கொள்கிறார்கள், கிறிஸ்தவர்களோ நூற்றுக்கு ஒருவர்தான். இதில் அவர்களுக்கு ஒரு குழப்பமும் கிடையாது. ஒரு ஆள் ஒரே மதத்தில்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணமே அங்கே வெளியிலிருந்து வந்தது.

கேள்வி: ஆயிரம் ஆண்டுக்கு மேலாக இசே ஆலயம் இருக்கிறது. அப்படியிருக்க, 1868ல் அரசு செய்தது என்று எப்படி எழுதினீர்கள்? ஒரு நாட்டின் நம்பிக்கையை இப்படிக் கொச்சைப்படுத்தலாமா?

பதில்: இசேயின் பழமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. இருபது ஆண்டுக்கு ஒருமுறை அதே அளவில், அதே முறையில் புதிதாகக் கட்டி, அங்கே குடியிருக்கும் சூரிய அம்மனைப் பழைய வீட்டிலிருந்து புது வீட்டுக்கு எழுந்தருளச் செய்யும் அந்த வழக்கம் நடுவில் போர்க்காலங்களில் தடைபட்டும் தொடர்ந்து வந்திருக்கிறது, 2013ல் நடந்தது 62ஆவது முறை. நான் சொல்ல வந்தது வேறு. சூரிய தேவி அமதெராசு, அவள் வழி வந்த பேரரசர், அவருக்குக் கீழே படிப்படியாக நாட்டின் எல்லா ஆலயங்களும், அந்த ஆலயங்களுக்குச் சம்பளம் வாங்கும் பூசாரிகளும் — இந்த அடுக்குதான் புதிது.

1868 வரைக்கும் சாமியும் புத்தரும் ஒரே வளாகத்தில்தான் இருந்தார்கள். ஆலயத்துக்குள் புத்தர் சிலை இருக்கும், கோயிலைக் காக்க ஒரு உள்ளூர்ச் சாமி இருக்கும், பல பெரிய ஆலயங்களின் நிர்வாகமே பிக்குகள் கையில் இருந்தது. மக்கள் கும்பிட்ட பல தெய்வங்களை 'இது புத்தர் வகை, இது நம் சாமி வகை' என்று பிரிக்கவே முடியாது. அந்த ஆண்டில் பேரரசர் மெய்ஜியின் பெயரால் அமைந்த புதிய அரசு, அதாவது மெய்ஜி அரசு, ஆட்சிக்கு வந்த முதல் சில மாதங்களிலேயே, அதாவது உள்நாட்டுப் போர்கூட முடியாத நிலையில், இரண்டையும் பிரித்தாக வேண்டும் என்று உத்தரவு போட்டது. ஆலயத்தில் இருக்கும் புத்தர் சிலையை அகற்று, மணியை எடு, பிக்கு தலைமுடி வளர்த்துப் பூசாரியாகட்டும் அல்லது வெளியேறட்டும். அரசு சொன்னது பிரிக்கச் சொல்லித்தான். ஆனால் பல ஊர்களில் அது இடித்து எரிப்பதாக மாறியது.

நாராவில் இருக்கும் கோஃபுகுஜியை எடுத்துக்கொள்ளுங்கள், எட்டாம் நூற்றாண்டிலிருந்து பெரும் செல்வாக்கோடு இருந்த கோயில். அதன் பிக்குகள் மொத்தமாகப் பக்கத்திலுள்ள கசுகா ஆலயத்தின் பூசாரிகளாக மாறிவிட்டார்கள், கோயில் ஆளில்லாமல் கிடந்தது, மதில்கள் இடிக்கப்பட்டன, இன்று எல்லோரும் படம் எடுக்கும் அந்த ஐந்து அடுக்குப் பகோடாவே விலைக்குப் போக இருந்தது என்று அந்த ஊரில் சொல்கிறார்கள். மான்கள் திரியும் நாரா பூங்காவின் ஒரு பகுதி அந்தக் கோயிலின் நிலம்தான். தெற்கே சத்சுமாவில், இன்றைய ககோஷிமாவில், நிலைமை இன்னும் மோசம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோயில்கள் ஒழிக்கப்பட்டன.

ஏன் இவ்வளவு கோபம்? அதற்கும் காரணம் உண்டு. 1868க்கு முன்பு இருந்த டோக்குகாவா ஆட்சியில் ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது ஒரு பௌத்தக் கோயிலில் பதிவு செய்து, 'நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை' என்று சான்று வாங்க வேண்டும். பிறப்பு, கல்யாணம், சாவு, ஊர் மாறுவது எல்லாம் கோயில் பதிவேட்டில். அந்த அதிகாரத்தை வைத்துக் காசு பிடுங்கிய கோயில்கள் இருந்தன, மக்களுக்கு எரிச்சல் இருந்தது. 'வெளிநாட்டுக் கலப்பு வருவதற்கு முந்தைய சுத்தமான ஜப்பான்' என்று எழுதிக்கொண்டிருந்த அறிஞர்கள் அந்த எரிச்சலுக்கு ஒரு கொள்கை கொடுத்தார்கள். சாமி கும்பிடுபவர்களைக் கொச்சைப்படுத்தும் எண்ணம் எனக்குத் துளியும் கிடையாது. அவர்கள் கும்பிட்டுக்கொண்டிருந்ததைத்தான் அரசு பிடுங்கியது, என் வருத்தம் அங்கேதான்.

கேள்வி: நம்முடைய சரஸ்வதியும் பிள்ளையாரும் ஜப்பானில் இருக்கிறார்கள் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மை. சரஸ்வதி அங்கே பென்சைதென், வீணைக்குப் பதில் பீவா என்ற நரம்பு வாத்தியம். பிள்ளையார் காங்கிதென், பெரும்பாலும் இரண்டு யானைமுக உருவங்கள் தழுவி நிற்கும், சிலையை வெளியே காட்ட மாட்டார்கள். டோக்கியோவின் அசகுசா பக்கத்தில் மட்சுசியாமாவில் அவருக்கு முள்ளங்கி படைப்பார்கள். முன் பதிலில் சொன்ன பிரிவினை இவர்களையும் விடவில்லை. எனோஷிமா தீவின் பென்சைதென் இடம் ஷிண்டோ ஆலயமாக்கப்பட்டு ஜப்பானியக் கடல் தேவியர் மூவருக்கு உரியதானது. ஷிகோகு தீவில் 785 படி ஏறிப் போக வேண்டிய கொன்பிரா, மாலுமிகளின் காவல் தெய்வம், கங்கையின் முதலைத் தெய்வம் கும்பீரரின் வழி வந்தவர். 1868ல் அவரையும் மாற்றி ஒரு ஜப்பானியப் புராண தெய்வத்தை அங்கே மூலவராக்கினார்கள். கியோட்டோவின் பெயர்பெற்ற கியோன் திருவிழாவின் தெய்வமும் மாட்டுத்தலை கொண்ட ஒரு வெளிநாட்டுக் கலப்புச் சாமிதான், புத்தர் தங்கிய ஜேதவனத்தைக் காப்பவர் என்று நம்பப்பட்டவர். அதே ஆண்டில் அவர் போய் அமதெராசுவின் தம்பி சுசானோ வந்தார், கோயிலுக்கும் யாசகா ஆலயம் என்று புதுப் பெயர். மக்கள் மட்டும் இன்றுவரை கொன்பிரா என்றும் கியோன் என்றும்தான் சொல்கிறார்கள், அரசாணையால் அதை மாற்ற முடியவில்லை.

கேள்வி: ஜப்பானில் பிக்குகள் கல்யாணம் செய்துகொள்வது எப்போதிலிருந்து?

பதில்: ஷின்ரான் என்ற பிக்குவின் வழி வந்த ஜோதோ ஷின்ஷு பிரிவில் இடைக்காலத்திலிருந்தே உண்டு. மற்றவர்களுக்கு 1872 அரசாணை. கறி தின்பது, மணம் செய்வது, முடி வளர்ப்பது எல்லாம் பிக்குவின் விருப்பம், இனி அரசு தண்டிக்காது என்றார்கள். பல பிரிவுகளின் தலைமைகள் எதிர்த்தும் பயன் இல்லை. இன்று கோயில் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போவது சாதாரணம்.

கேள்வி: தொழிற்சாலை, ரயில், நவீன ராணுவம் என்று ஐரோப்பாவைப் பார்த்து ஓடிய நாடு, அதே நேரத்தில் பேரரசரைத் தெய்வமாக்கியது முரண்பாடு இல்லையா?

பதில்: வெளியிலிருந்து பார்த்தால் முரண்பாடு. செய்தவர்களுக்கு இரண்டும் ஒரே வேலை. அரசியல் சாசனத்தை எழுதிய இதோ ஹிரோபுமி 1888ல் அந்த வரைவை ஆராய்ந்த சபையில் பேசியதன் சாரம் இது: ஐரோப்பிய நாடுகளில் மதம் மக்கள் மனத்தை ஒன்றாகக் கட்டும் அச்சாக இருக்கிறது, நம் நாட்டில் பௌத்தமும் சரி ஷிண்டோவும் சரி அந்தப் பலத்தோடு இல்லை, ஆகவே நம்மிடம் அச்சாக இருக்கக்கூடியது அரச குடும்பம் மட்டும்தான். ஐரோப்பாவுக்குப் படிக்கப் போய்த் திரும்பிய மனிதர் இப்படிக் கணக்குப் போட்டிருக்கிறார், பக்தியில் பேசவில்லை.

1889 சாசனத்தின் மூன்றாம் பிரிவு பேரரசர் புனிதமானவர், அவருடைய புனிதத்தை யாரும் மீறக் கூடாது என்றது. 28ஆம் பிரிவு மதச் சுதந்திரம் தந்தது, ஆனால் 'அமைதிக்கும் ஒழுங்குக்கும் பங்கமில்லாமல், குடிமக்களின் கடமைக்கு முரணாகாமல்' என்ற நிபந்தனையோடு. அந்தக் கடைசி வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. ஆலயத்தில் வணங்குவது மதம் இல்லை, குடிமகனின் கடமை என்று அரசு சொல்லிவிட்டது! 1900ல் உள்துறை அமைச்சகத்தில் ஆலயங்களுக்கு ஒரு பிரிவு, மதங்களுக்கு வேறொரு பிரிவு என்று அலுவலகத்தையே இரண்டாக வெட்டினார்கள். இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். மதம் என்று ஒப்புக்கொண்டால் 'எனக்கு வேறு மதம்' என்று ஒருவர் விலகிக்கொள்ளலாம். மதமே இல்லை என்று சொல்லிவிட்டால் விலக வழியே கிடையாது. மறுத்தால் தேசத்துரோகி. ஜப்பானின் நவீன வரலாற்றில் மதத்தின் பெயரால் நடந்த கொடுமைகளில் பெரும்பகுதி இந்த ஒரு ஏற்பாட்டில் இருந்துதான் புறப்பட்டது என்பது என் உறுதியான கருத்து, இந்த இதழின் மற்ற பதில்களையும் அதை மனத்தில் வைத்தே படியுங்கள்.

முதல் அடி விழுந்தது ஒரு ஆசிரியர் மேல். 1890ல் கல்வி பற்றிய பேரரசரின் அருளாணை பள்ளிகளுக்கெல்லாம் அனுப்பப்பட்டது. 1891 ஜனவரியில் டோக்கியோவின் முதலாம் உயர் நடுநிலைப் பள்ளியில் அதன் முன் எல்லோரும் ஆழமாகக் குனிந்து வணங்கியபோது, உச்சிமுரா கன்சோ என்ற கிறிஸ்தவ ஆசிரியர் லேசாகத் தலை அசைத்தார். அவ்வளவுதான். நாடு முழுக்கப் பத்திரிகைகளில் கூச்சல், வேலை போயிற்று, நிமோனியாவில் படுத்திருந்தவரைப் பார்த்துக்கொண்ட மனைவி அதே ஆண்டில் இறந்தார். உச்சிமுரா நாட்டை வெறுத்தவரும் இல்லை. இயேசு, ஜப்பான் இரண்டையும் நேசிக்கிறேன் என்று வாழ்நாள் முழுக்க எழுதியவர்.

கேள்வி: கிறிஸ்தவர்களுக்கு அங்கே என்ன நடந்தது? நாகசாகி பற்றிக் கொஞ்சம் எழுதுங்கள்.

பதில்: 1614ல் நாடு முழுக்கத் தடை, 1637-38 ஷிமாபாரா கலகத்துக்குப் பிறகு ஈவிரக்கமே இல்லை. இயேசு, மரியா உருவம் பதித்த பலகையை மிதிக்கச் சொல்லிச் சோதிப்பார்கள். இருநூறு ஆண்டுக்கு மேலாகப் பாதிரியார் இல்லாமல், வேதப்புத்தகம் இல்லாமல், மந்திரம்போல வாய்வழியாக ஜெபம் சொல்லிக் கொடுத்துக்கொண்டு குடும்பங்கள் தாக்குப்பிடித்தன. 1865 மார்ச்சில் வெளிநாட்டவருக்காக நாகசாகியில் கட்டிய ஓவுரா தேவாலயத்துக்கு உராகாமி கிராமத்தார் சிலர் வந்து, பிரெஞ்சுப் பாதிரியார் பெத்தித்ஜானிடம் மெதுவாக, 'எங்கள் மனமும் உங்கள் மனமும் ஒன்று' என்று சொல்லி மரியாவின் சிலை எங்கே என்று கேட்டார்கள்.

வெளியே வந்ததற்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? புதிய மெய்ஜி அரசு 1868லிருந்து உராகாமியின் சுமார் 3,400 பேரைப் பிடித்து நாட்டின் பல மூலைகளுக்கு நாடுகடத்தியது. அறுநூறுக்கு மேற்பட்டவர்கள் அங்கேயே செத்தார்கள். மேற்கு நாடுகளின் நெருக்கடியால் 1873ல் தடைப் பலகைகளை எடுத்தார்கள். உயிரோடு திரும்பியவர்களும் பிள்ளைகளும் கூடி உராகாமியில் பெரிய தேவாலயம் கட்டினார்கள். 1945 ஆகஸ்ட் 9 அணுகுண்டு அந்தத் தேவாலயத்துக்குச் சுமார் அரை கிலோமீட்டரில் வெடித்தது. அந்தப் பங்கின் 12,000 பேரில் சுமார் 8,500 பேர் இறந்தார்கள். இதை எழுதும்போது எனக்கு நிதானமாக எழுத முடியவில்லை.

கேள்வி: கிராமத்துச் சாமிகளும் அரசு சொன்னபடி மாறினவா? சாதாரண விவசாயி என்ன செய்தான்?

பதில்: இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன், ஏனென்றால் கிறிஸ்தவர், பௌத்தர் பற்றிப் பேசுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். ஷிண்டோவைத் தூக்கிப்பிடித்த அரசுதான் ஷிண்டோ ஆலயங்களை அதிகமாக அழித்தது.

1906ல் ஆலய இணைப்பு என்று ஒரு திட்டம். கிராமத்துக்குப் பத்து, இருபது என்று சின்னச் சின்ன ஆலயங்கள் இருப்பது அரசுக்குப் பிடிக்கவில்லை. ஒரு கிராமத்துக்கு ஒரு ஆலயம், அதற்கு ஒழுங்கான பூசாரி, சொத்து, விழா என்று இருந்தால்தான் அரசின் கௌரவம் என்றார்கள். நாட்டில் அப்போது இருந்தவை ஏறத்தாழ 1,90,000. அதில் எழுபதாயிரம் அளவுக்குச் சில ஆண்டுகளில் மறைந்தன. மியே, வகயாமா மாநிலங்களில் மிகக் கடுமை. மூடிய ஆலயத்தைச் சுற்றி நூற்றாண்டுகளாக வெட்டாத மரங்கள் நிற்கும், அவற்றை வெட்டி விற்றால் கைக்குக் காசு, ஆகவே அதிகாரிகளுக்கும் மர வியாபாரிகளுக்கும் ஆர்வம் கூடியது.

எதிர்த்து நின்றவர்களில் முக்கியமானவர் வகயாமாவின் தனாபே ஊரில் இருந்த மினகட்டா குமகுசு. லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் பல ஆண்டு படித்தவர், பட்டம் எதுவும் வாங்காதவர், சளிப்பூஞ்சைகளை ஆராய்ந்தவர். அவர் வாதம் இன்று படித்தாலும் புதிதாக இருக்கிறது: ஆலயத்தோப்பு போனால் பறவை போகும், பறவை போனால் பூச்சி பெருகி விளைச்சல் கெடும், மீன்கள் கரைக்கு வருவதும் குறையும். நடந்து போகும் தூரத்தில் சாமி இல்லாவிட்டால் கிழவிகள் கும்பிட எங்கே போவார்கள், திருவிழா நின்றால் ஊர் ஒற்றுமை எங்கிருந்து வரும், தன் ஊரை நேசிக்காதவன் நாட்டை எப்படி நேசிப்பான் என்று அரசின் தேசபக்தியையே எடுத்து அரசின் முகத்தில் எறிந்தார். 1910ல் இணைப்பை ஆதரித்த அதிகாரி ஒருவர் கலந்துகொண்ட கூட்டத்துக்குள் குடித்துவிட்டுப் புகுந்து ரகளை செய்ததால் சிறையில் வைத்தார்கள், அங்கேயும் சளிப்பூஞ்சை தேடியிருக்கிறார். நாட்டுப்புறவியல் அறிஞர் யானகிதா குனியோ அவருடைய கடிதங்களை அச்சடித்து முக்கியஸ்தர்களுக்கு அனுப்பினார். அதன் பிறகு மெல்ல மெல்ல அந்தக் கொள்கை கைவிடப்பட்டது, ஆனால் போன தோப்புகள் திரும்ப வரவில்லை.

1929ல் உயிரியலில் ஆர்வம் கொண்ட பேரரசர் ஹிரோஹிதோ தனாபே வளைகுடாவுக்கு வந்தார், மினகட்டா காப்பாற்றிய கஷிமா தீவில் இறங்கினார், கப்பலில் அவருடைய பாடத்தைக் கேட்டார். மினகட்டா தன் சளிப்பூஞ்சை மாதிரிகளை மிட்டாய்ப் பெட்டியில் வைத்துத்தான் கொடுத்தார். பேரரசரின் பெயரால் வந்த சட்டத்தை எதிர்த்துச் சிறை போனவரும் பேரரசரை உள்ளன்போடு மதித்தவரும் ஒரே ஆள்தான். ஜப்பானைப் பற்றி 'அவர்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு கீழ்ப்படிந்தார்கள்' என்று எழுதுகிறவர்கள் இவரைப் படிக்க வேண்டும்.

கேள்வி: புஷிடோ என்கிற சாமுராய் நெறி, சுமோ, ஷிண்டோ திருமணம் — இவையும் புதிதா?

பதில்: பழையதும் புதியதும் கலந்தவை. சுமோ மிகப் பழமையானது, ஆனால் மல்யுத்த மேடைக்கு மேலே தொங்கும் கூரை இசே ஆலயத்தின் பாணிக்கு மாறியது 1931ல். ஆலயத்தில் செய்யும் கல்யாணம், 1900ல் பட்டத்து இளவரசரின் திருமணம் அரண்மனைச் சன்னதியில் நடந்த பிறகு பரவியது. புஷிடோவை உலகத்துக்குச் சொன்ன நூலை 1900ல் அமெரிக்காவில் இருந்தபடி ஆங்கிலத்தில் எழுதியவர் நிதோபே இனாசோ, அவர் குவேக்கர் கிறிஸ்தவர். ஜப்பானிய மொழிக்கு அது பிறகுதான் வந்தது. இதனால் இவையெல்லாம் பொய் என்று ஆகிவிடாது, எந்த நாட்டின் மரபும் யாரோ ஒரு காலத்தில் கோத்ததுதான்.

கேள்வி: அஹிம்சை பேசும் பௌத்தர்கள் போரை எப்படி ஆதரித்தார்கள்?

பதில்: பயம் ஒரு காரணம். 1868ல் பட்ட அடிக்குப் பிறகு 'நாங்களும் நாட்டுக்குப் பயன்படுவோம்' என்று நிரூபிக்கும் அவசரம் பிரிவுகளுக்கு வந்துவிட்டது. படையோடு பிக்குகளை அனுப்பினார்கள், காலனிகளில் கோயில் திறந்தார்கள், ஜென் ஆசிரியர்கள் சிலர் வாளையும் தியானத்தையும் சேர்த்துப் பேசினார்கள். மறுத்தவர்கள் தனியாக நின்றார்கள். ஹகோனே மலைக்கோயிலில் இருந்த உச்சியாமா குடோ என்ற சோதோ ஜென் பிரிவு பிக்கு, குத்தகை விவசாயிகளின் வறுமையைப் பார்த்து, கோயிலுக்குள்ளேயே அச்சு இயந்திரத்தை மறைத்து வைத்து பேரரசரையும் ராணுவத்தையும் எதிர்த்துத் துண்டு வெளியீடு போட்டார். ராஜத்துரோக வழக்கில் 1911 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய பிரிவு அவரை அதற்கு முன்பே பிக்கு பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது! 1993ல்தான் திரும்பச் சேர்த்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு சோதோ பிரிவு தன் கடல்கடந்த பிரசாரத்தின் குற்றங்களுக்குப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. தாமதம்தான், ஆனாலும் மனம் திறந்து கேட்டார்கள்.

கேள்வி: ஜப்பானியர் பிடித்த நாடுகளில் டோக்கியோ திசையைப் பார்த்து வணங்கச் சொன்னார்களாமே?

பதில்: ஆமாம். பேரரசரின் அரண்மனை இருக்கும் திசையை நோக்கிக் குனிவது பள்ளிகளில், அலுவலகங்களில் தினசரி வழக்கமாக்கப்பட்டது. சிங்கப்பூரில் மக்ரிச்சி நீர்த்தேக்கக் காட்டுக்குள் பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்க்கைதிகளின் உழைப்பில் ஒரு ஆலயம் கட்டினார்கள். 1945ல் தோற்றதும் அவர்களே அதை அழித்துவிட்டார்கள், கை கழுவும் கல்தொட்டி மட்டும் இன்னும் காட்டில் கிடக்கிறது.

கொரியாவில் இது எல்லை மீறியது. சியோல் நகரைப் பார்த்தபடி நம்சான் மலையில் 1925ல் அமதெராசுவுக்கும் பேரரசர் மெய்ஜிக்கும் ஆலயம். 1930களில் கிறிஸ்தவப் பள்ளிகளைக்கூட அங்கே வணங்கச் சொல்லி, மறுத்த பள்ளிகளை மூட வைத்தார்கள். 1938 செப்டம்பரில் பியோங்யாங்கில் கூடிய பிரெஸ்பிடீரியன் பொதுச்சபையில் போலீஸ்காரர்கள் உட்கார்ந்திருக்க, 'ஆலய வணக்கம் மதம் அல்ல' என்று தீர்மானம் போட வைத்தார்கள். நான் மேலே சொன்ன அதே வாதம், இப்போது லத்தியோடு. ஒத்துக்கொள்ளாத போதகர் ஜூ கிசோல் 1944ல் சிறையில் இறந்தார். ஜப்பானுக்குள்ளேயும் இதே கதிதான். இசேயின் தாயத்தை ஏற்க மறுத்த மகிகுசி, இன்று சோகா கக்கை என்று அழைக்கப்படும் அமைப்பை நிறுவியவர், 1943ல் கைதாகி 1944ல் சிறையிலேயே இறந்தார். ஓமோதோ என்ற புதிய மதத்தின் வளாகங்களை 1935ல் தொடங்கிய இரண்டாம் ஒடுக்குமுறையில் டைனமைட் வைத்துத் தகர்த்தார்கள், அதுவும் ஷிண்டோ மரபில் பிறந்த இயக்கம்தான்.

கேள்வி: 1946ல் பேரரசர் 'நான் கடவுள் இல்லை' என்றாரா?

பதில்: புத்தாண்டு நாளில் வந்த அறிக்கை, பேரரசரை உயிருள்ள தெய்வம் என்பதும் ஜப்பானியர் மற்ற இனங்களைவிட உயர்ந்தவர்கள் என்பதும் தவறான கற்பனை என்றது. அமதெராசுவின் வழி வந்தவர் இல்லை என்று அது எங்கேயும் சொல்லவில்லை.

கேள்வி: யாசுகுனி ஆலயத்துக்குப் பிரதமர் போனால் ஏன் இவ்வளவு சண்டை? எல்லா நாட்டிலும் போர்வீரர் நினைவிடம் இருக்கிறதே?

பதில்: நினைவிடம் என்றால் சண்டை வந்திருக்காது. அங்கே செத்தவர்களைத் தெய்வமாகப் பிரதிஷ்டை செய்கிறார்கள், சுமார் 24,66,000 பேர். 1869ல் தொடங்கியது, 1879ல் இந்தப் பெயர் வந்தது. யாரைச் சேர்க்கிறார்கள் என்பதைப் பாருங்கள்: பேரரசரின் பக்கம் நின்று இறந்தவர்களை. மெய்ஜி மாற்றத்தின் பெரிய தலைவர் சாய்கோ தகமோரிக்கு அங்கே இடம் இல்லை, அரசை எதிர்த்துப் போரிட்டு இறந்ததால். டோக்கியோவில் குண்டுவீச்சில் வெந்துபோன குடும்பங்களுக்கும் பொதுவாக இடம் இல்லை. ஆனால் ஜப்பானிய ராணுவத்தில் சேர்க்கப்பட்டு இறந்த கொரியர் சுமார் 21,000 பேர், தைவானியர் ஏறக்குறைய 28,000 பேர் உள்ளே இருக்கிறார்கள். 'எங்கள் அப்பா பெயரை எடுத்துவிடுங்கள்' என்று கேட்ட குடும்பங்களுக்குக் கிடைத்த பதில், சேர்த்த ஆவியைப் பிரிக்க முடியாது என்பது.

1978 அக்டோபரில் போர்க்காலப் பிரதமர் டோஜோ உள்ளிட்ட 'ஏ' வகுப்புப் போர்க்குற்றவாளிகள் 14 பேரைச் சத்தமில்லாமல் சேர்த்தார்கள், அடுத்த ஆண்டுதான் வெளியே தெரிந்தது. 1975 நவம்பரில் போன ஹிரோஹிதோ அதன்பின் ஒருமுறைகூடப் போகவில்லை. அவருக்கு அதில் அதிருப்தி என்பதை அரண்மனை அதிகாரி ஒருவரின் குறிப்புகள் 2006ல் காட்டின. மகன் அகிஹிதோ பேரரசராக இருந்த காலம் முழுக்கப் போனதில்லை. நகசோனே 1985லும், கோயிசுமி 2001 முதல் 2006 வரையும், அபே 2013லும் பிரதமராக இருந்தபடி போனார்கள், ஒவ்வொரு முறையும் சீனாவும் கொரியாவும் கொதித்தன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போருக்குப் பிறகு நடந்த டோக்கியோ போர்க்குற்ற விசாரணையில் எல்லோரும் குற்றமற்றவர்கள் என்று தனித் தீர்ப்பு எழுதிய இந்திய நீதிபதி ராதாபினோத் பாலுக்கு அந்த வளாகத்தில் 2005ல் நினைவுக்கல் வைத்தார்கள். அவர் மறுத்தது, செயல் நடந்த பிறகு குற்றத்தை வரையறுத்து வென்றவர் தோற்றவரை விசாரிக்கும் அந்தச் சட்ட அடிப்படையை. சீனாவின் நான்கிங்கில் ஜப்பானியப் படை செய்த கொடுமைகளுக்குச் சான்று ஏராளம் என்பதை அவர் தீர்ப்பே ஒப்புக்கொள்கிறது. நம்மவர் சிலர் அந்தக் கல்லின் படத்தைப் பெருமையோடு பகிரும்போது இந்தப் பாதியை விட்டுவிடுவது நியாயமில்லை.

கேள்வி: ஜப்பான் ஒரே இனம், ஒரே பண்பாடு என்பது சரியா?

பதில்: இல்லை. ஹொக்கைடோவில் ஐனு மக்கள், 1899ல் 'பாதுகாப்பு' என்ற பெயரில் அவர்களை விவசாயிகளாக்கும் சட்டம், அதை நீக்கியது 1997ல், பூர்வகுடி என்று சட்டத்திலேயே எழுதியது 2019ல். தெற்கே ஒகினாவா 1879 வரை ரியூக்யூ என்ற தனி அரசு, அங்கே பூசை செய்கிறவர்கள் பெண்கள், வழிபாடு தோப்புகளில். பள்ளியில் தாய்மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில் பலகை மாட்டினார்கள். ஷூரி கோட்டையை 1920களில் இடிக்க இருந்தபோது, ஷிண்டோ ஆலயத்தின் முன்மண்டபம் என்று பெயர் மாற்றித்தான் அறிஞர்கள் காப்பாற்ற முடிந்தது. அப்படிக் காத்ததும் 1945 சண்டையில் அழிந்தது.

கேள்வி: இப்போது அரசும் மதமும் உண்மையிலேயே பிரிந்துவிட்டனவா?

பதில்: சட்டப்படி பிரிந்துவிட்டன. 1945 டிசம்பரில் நேச நாட்டுத் தலைமையகம் அரசு ஷிண்டோவை ஒழித்தது, 1947 சாசனத்தின் 20, 89ஆம் பிரிவுகள் அரசு மதச்செயல் செய்யவும் மதத்துக்குப் பொதுப்பணம் தரவும் தடை போட்டன. நடைமுறையில் நீதிமன்றம் ஒவ்வொரு வழக்காகக் கோடு போடுகிறது. சூ நகராட்சி பூமி பூஜைக்குச் செலவு செய்தது சமூக வழக்கம் என்று 1977ல் விட்டார்கள். எஹிமே மாநிலம் யாசுகுனிக்கும் உள்ளூர்ப் போர்வீரர் ஆலயத்துக்கும் கொடுத்த மொத்தம் 1,66,000 யென் சாசனத்துக்கு விரோதம் என்று 1997ல் 13க்கு 2 என்று தீர்ப்பு, தொகை சின்னதுதான், ஆனால் தீர்ப்பு பெரியது. 2019ல் புதிய பேரரசரின் தைஜோசாய் என்ற பதவியேற்புச் சடங்குக்கு அரசுப் பணம் செலவிடுவது சரியா என்று அவர் தம்பி, இளவரசர் அகிஷினோவே, முந்தைய ஆண்டு வெளிப்படையாகக் கேட்டார். அரசு பணம் கொடுத்தே நடத்தியது.

எனக்கு ஆறாத வழக்கு 1988ல் வந்தது. தற்காப்புப் படையில் பணிபுரிந்து 1968ல் சாலை விபத்தில் இறந்த ஒருவரை, கிறிஸ்தவரான அவர் மனைவி வேண்டாம் என்று சொல்லியும், முன்னாள் வீரர் சங்கம் படை அலுவலகத்தின் உதவியோடு யமகுச்சியின் போர்வீரர் ஆலயத்தில் தெய்வமாகச் சேர்த்துவிட்டது. கீழ்க் கோர்ட் இரண்டிலும் அந்த அம்மா வென்றார். உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்து, மற்றவர்களின் மதச் செயலைப் பொறுத்துக்கொள்ளும் பெருந்தன்மை வேண்டும் என்று அவருக்கே சொன்னது. தன் கணவரைத் தன் நம்பிக்கைப்படி நினைத்துக்கொள்ள விடுங்கள் என்று மட்டும் கேட்ட ஒரு பெண்ணிடம், ஒரு அமைப்பும் ஆலயமும் சேர்ந்து செய்ததைப் பொறுத்துக்கொள் என்பது எனக்கு இன்றும் அநியாயமாகவே படுகிறது.

கேள்வி: அடுத்த ஆண்டு ஜப்பான் போகிறேன். இந்த வரலாற்றைப் பார்க்க எங்கே போகலாம்?

பதில்: நாராவில் கோஃபுகுஜியும் கசுகாவும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே காலையில் முடியும். பிவா ஏரியின் சிகுபு தீவில் பென்சைதென் கோயிலும் ஷிண்டோ ஆலயமும் ஒரு நடைபாதையால் இணைந்தே நிற்கின்றன, பிரிவினைக்கு முன் எப்படி இருந்திருக்கும் என்று அங்கே கொஞ்சம் புரியும். நாகசாகியில் ஓவுராவும் உராகாமியும். நேரம் இருந்தால் தனாபேயில் மினகட்டா வீடு. டோக்கியோவில் யாசுகுனிக்குப் போனால் அதன் அருங்காட்சியகம் போரை எப்படிச் சொல்கிறது என்பதையும் நிதானமாகப் படியுங்கள், பிறகு அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் சிதோரிகஃபுசி, 1959ல் அரசு அமைத்த கல்லறைத் தோட்டம், பெயர் தெரியாத போர்க்கால எலும்புகளை எந்த மதச்சின்னமும் இல்லாமல் வைத்திருக்கிறார்கள். யாசுகுனியில் சுற்றுலாப் பேருந்துகள் நிற்கும், இங்கே பெரும்பாலும் கூட்டம் இருக்காது.